பூமாரி இல்லாத கல்யாண வீடியோ

தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் சவரிமுத்து, ஐம்பது வயது தாண்டிய பிறகு ஒரு குருவைத் தேடிக்கொண்டார். எடிட்டிங் சொல்லித்தரும் பிரிசில்லாவுக்கு அவருடைய மகள் வயதுதான். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று காலை வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"டீச்சர், நேத்து நான் எடுத்த கல்யாணத்துல பொண்ணோட அப்பா கப்பல்ல இருக்காரு. கல்யாணத்துக்கு லீவு கிடைக்கல. தாலி கட்டுததையாவது கண்ணால பார்த்துருதேன், அனுப்புங்கன்னு கெஞ்சுதாரு. மத்தியானம் வரைதான் அங்க நெட்டு. நூறு எம்பிக்கு மேல இறங்காதாம்."

"உங்க ஃபைல் எவ்வளவு?"

"ரெண்டு ஜிபி. அடிச்சுப் பிடிச்சு நூறுக்குக் கொண்டுவந்துட்டேன். ஆனா பொண்ணு மூஞ்சியே தெரியல."

பிரிசில்லா ஓடவிட்டுப் பார்த்தாள். மணமகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அதன் மேல் ரோஜா இதழ்கள் கொட்டிக்கொண்டே இருந்தன. சவரிமுத்து எல்லாக் கல்யாணத்துக்கும் கம்ப்யூட்டரில் போடும் பூமாரி அது. ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான்.

"சர்ச்சுல பூ விழுந்துச்சா அண்ணாச்சி?"

"இல்ல, நான் போட்டது."

"எடுத்துருங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. "சைஸைக் குறைக்கத்தானே கேட்டேன்?"

"அசையாம நிக்கதுக்கு ஃபைல்ல கொஞ்ச இடம் போதும். அசையறதுதான் இடத்தைத் திங்கும். இருந்த இடத்தையெல்லாம் உங்க பூ தின்னுட்டுது. பொண்ணுக்கு மிச்சம் வைக்கல."

மனசே இல்லாமல் எடுத்தார். அதே நூறு எம்பிக்கு மறுபடி சுருக்கினார்.

இப்போது கண்ணிமை வரை தெளிவாகத் தெரிந்தது. தாலி கழுத்தில் ஏறும்போது அந்தப் பெண் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சவரிமுத்து அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினார்.

"அப்பான்னு கூப்பிடுதா டீச்சர்." அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "எடுத்தவன் நான். நானே பார்க்கலையே."

மத்தியானத்துக்கு முன்பே ஃபைல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கப்பலிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். கைதட்டலும் விசிலுமாக ஒரே கூச்சல்.

"எம்மவ என்னைக் கூப்பிட்டா அண்ணாச்சி," என்றார் பெண்ணின் அப்பா. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. "இங்க எல்லாரும் திரும்பப் போடு, திரும்பப் போடுங்காங்க. பக்கத்துல நின்னு பார்த்த மாதிரியே இருக்கு."

போனை வைத்த சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஒரு சுற்று வந்தார். பிறகு யோசனையோடு நின்றார்.

"இவ்வளவு குறைச்சும் ஒண்ணும் குறைஞ்ச மாதிரி அவருக்குத் தெரியலையே. அப்போ அதுலேர்ந்து என்னதான் போச்சு டீச்சர்?"

"நீங்க," என்றாள் பிரிசில்லா.