அல்லிக்குளத்து முள்வேலி

“இந்தக் காலத்துப் பிள்ளைகளை நம்பி ஒரு காரியத்துல இறங்க முடியலம்மா” என்றார் சங்கரபாண்டியன்.

குகையம்மை சுனையோரம் குந்தியிருந்து பானை கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஊருக்கு மேற்கே உள்ள பாறைக்குன்றில், குகையை ஒட்டிப் போட்ட ஓலைக்கொட்டகைதான் துறவியான அம்மைக்கு இருப்பிடம். சங்கரபாண்டியனைவிட வயதில் ரொம்பச் சின்னவர். சங்கரபாண்டியன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆனாலும் மனசு கலங்கினால் குன்றடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறி வந்துவிடுவார்.

“என்ன செஞ்சாங்க?”

“ஒண்ணும் செய்யலங்கிறதுதான் விஷயம். ஊரைச் சுத்தி மரம் வைக்க அருமையா ஒரு திட்டம் போட்டேன். யார் குழி தோண்டணும், யார் தண்ணி ஊத்தணும், எல்லாம் பிரிச்சுக் குடுத்தேன். முதல் ஞாயித்துக்கிழமை கூட்டமா வந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அடுத்த வாரம் பாதிப் பேர். நேத்து ஒரு ஆளு இல்ல.”

“அவங்ககிட்ட என்ன கேட்டீங்க?”

“என்னென்ன செய்யணும்னு விளக்கமா சொன்னேன்மா.”

“சொன்னது கிடக்கட்டும். கேட்டது என்ன?”

சங்கரபாண்டியன் யோசித்தார். அவர் எதையும் கேட்டிருக்கவில்லை.

அம்மை உள்ளே போய், அவித்த பனங்கிழங்குகள் சிலவற்றை இலையில் வைத்து எடுத்து வந்தார்.

“கீழ போங்க வாத்தியாரே. பிள்ளைங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கேட்டதும் இதை மெல்ல ஆரம்பிச்சிருங்க. அத்தனையும் தீருற வரைக்கும் பேசாதீங்க.”

“இதுல ஒரே நாருல்லா இருக்கு!”

“ஆமா” என்றார் அம்மை.

*

சாயங்காலம் பிள்ளைகள் கூடுவது பஸ் நிறுத்தத்துக் கொட்டகையில். சங்கரபாண்டியன் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவன் நைசாக வண்டியைக் கிளப்பப் பார்த்தான்.

“நான் வேலை சொல்ல வரலப்பா. ஒண்ணு கேக்க வந்தேன். இந்த ஊர்ல எதைக் காப்பாத்தணும்னு உங்களுக்குத் தோணுது?”

கேட்டுவிட்டுக் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டார்.

“எங்களைத்தான் சார்!” என்றான் வண்டிக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மென்றார்.

சிரிப்பு அடங்கியது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் ஒரு பிரசங்கம் தொடங்கியிருப்பார். பிள்ளைகளும் அதற்காகவே காத்திருந்தார்கள். அவர் மென்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு பையன் மெதுவாக, “அல்லிக்குளம்” என்றான்.

எல்லார் கண்ணும் பிரம்மசக்தியிடம் போயிற்று.

பிரம்மசக்தி டவுனில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிற பெண். லீவுக்கு வந்திருந்தாள். அவள் சிறுமியாக இருந்தபோது தம்பி சுடலைமணி அந்தக் குளத்தில் மூழ்கிச் செத்துப்போனான். மறுநாளே அவள் அம்மா வேலம்மாள் உடைமரத்து முள்ளை வெட்டிப் படித்துறையை அடைத்தாள். யாரும் தடுக்கவில்லை. ஊரே அந்தப் பக்கம் போவதை விட்டது. பிறகு குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட ஆரம்பித்தது. இப்போது குளத்தை மண்ணடித்து மூடி அதன்மேல் சமுதாயக்கூடம் கட்டப் பஞ்சாயத்தில் பேச்சு. அடுத்த கிராம சபையில் முடிவு.

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றாள் பிரம்மசக்தி. “என் தம்பியைக் கொன்னது குளம் இல்ல. அவனுக்கு நீச்சல் தெரியாது. இந்த ஊர்ல இருக்குற எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியாது. இதை மூடிட்டா அவங்க தெரியாமலே வளருவாங்க. இன்னொரு ஊர்க் குளத்துல, கெணத்துல போய் விழுவாங்க.”

“குப்பையை அள்ளிரலாம்” என்றான் ஒருவன்.

“அள்ளி எங்க போட? எரிக்கவா?”

“எரிக்கக் கூடாது. பிரிச்சு டவுனுக்கு அனுப்பணும்.”

“சம்பங்கோரையை முழுசா வெட்டிருவோம்.”

“வெட்டாதீங்க” என்றாள் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவள். “கெழக்கு மூலையில கானாங்கோழி முட்டை வச்சிருக்கு. அந்தப் பக்கம் நாம போகவே வேண்டாம். அது அதுங்களுக்கு. படித்துறைப் பக்கம் நமக்கு.”

“ஆழம் எங்க தொடங்குதுன்னு கயிறு கட்டணும்.”

“அல்லியைப் பிடுங்காம கட்டு.”

சங்கரபாண்டியனுக்கு நாக்கு துடித்தது. கரையில் மண் பிடிக்க மரம் வைக்க வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லையே! ஆனால் வாய் நிறைய நார். அதைத் துப்பிவிட்டுப் பேசலாமா என்று அவர் நினைத்த நேரத்தில், வண்டிக்காரன் சொன்னான்:

“கரை சரிஞ்சு கிடக்கு. மரம் வைக்காட்டி மழைக்கு மொத்தமும் உள்ள வந்துரும்.”

அவர் அடுத்த கிழங்கை எடுத்தார்.

*

அந்த வாரமே வேலை தொடங்கியது. அவர்கள் அவரைக் கூப்பிடவில்லை. அவராகப் போய்க் குப்பை அள்ளச் சாக்குப் பிடித்தார்.

உடைமுள்ளை விலக்கிப் படித்துறைக்கு வழி எடுத்தார்கள். உள்ளே இருந்து வந்த பாட்டிலும் பையும் குன்று போலக் குவிந்தன. கண்ணாடித் துண்டு காலைக் கிழித்தவன் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினான். சாயங்காலம் கடைசிப் படி வரை தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் வழி அடைபட்டிருந்தது. புதுசாக வெட்டிய உடைமுள்.

வேலம்மாள் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். முள்ளை விலக்கிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அடுத்த நாளும் அடைபட்டிருந்தது. அதற்கடுத்த நாளும்.

பிரம்மசக்திதான் வாடிப்போனாள். வீட்டில் அம்மா அவளுக்குச் சோறு போட்டாள். தலை வாரிவிட்டாள். குளத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை.

சங்கரபாண்டியன் குன்று ஏறினார்.

“பிள்ளைங்க தங்கமா வேலை செய்யுதுங்கம்மா. அந்தத் தாயைத்தான் எப்படிப் புரியவைக்கன்னு தெரியல. நான் போய் நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பாக்கட்டுமா?”

அம்மை அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் கீறல்.

“முள்ளு எடுக்குற கையில குத்துதோ?”

“நல்லாவே குத்துது.”

“போடுற கையில?”

சங்கரபாண்டியன் தன் உள்ளங்கையை இன்னொரு தரம் பார்த்தார். உடனே இறங்கிவிட்டார்.

குன்றடியில் காத்திருந்த பிரம்மசக்தியிடம் அம்மை கேட்டதை அப்படியே சொன்னார். தன் பங்குக்கு ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

*

மறுநாள் விடியக்காலம் வெள்ளென எல்லாரும் போனபோது வேலம்மாள் இன்னும் அங்கேயே இருந்தாள். அம்மாவும் மகளும் மேல்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கையை மடியில் வைத்து, ஊக்கால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள் பிரம்மசக்தி. பழைய முள், புது முள். சில இடங்களில் தோல் காய்த்துப் போயிருந்தது.

யாரும் கிட்டே போகவில்லை.

“அம்மா” என்றாள் பிரம்மசக்தி. “நான் நீச்சல் கத்துக்கிட்டேன். டவுன்ல. உன்கிட்ட சொல்லல.”

வேலம்மாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அடிக்கப்போகிறாள் என்றே சங்கரபாண்டியன் நினைத்தார்.

அவளோ குளத்தைப் பார்த்துவிட்டு, “நீந்திக் காட்டுட்டி” என்றாள்.

பிரம்மசக்தி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அல்லி இலைகளை ஒதுக்கிக்கொண்டு நீந்தினாள். வேலம்மாள் எழுந்துவிட்டாள். மகள் போகப்போக அவளும் ஒவ்வொரு படியாக இறங்கினாள். கால் நனைந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை. பெண் அக்கரையைத் தொட்டுத் திரும்பி, மறுபடி அருகில் வந்து, படியைப் பிடித்துத் தலை தூக்கியபோது தாய் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

“இதை ஏன் அவனுக்குச் சொல்லிக்குடுக்கல நீ?”

“எனக்கே அப்பத் தெரியாதேம்மா!”

வேலம்மாள் அவள் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்த அழுகையை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. மகன் செத்த அன்று அவள் அழவே இல்லை.

பிள்ளைகள் கரையைவிட்டுப் போய்விட்டார்கள். சங்கரபாண்டியனும் போனார். அன்று வேலை நடக்கவில்லை.

மறுநாள் வழியில் முள் இல்லை.

*

கிராம சபை பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூடியது. குளம் அதற்குள் ஊர் அடையாளம் காண முடியாதபடி தெளிந்திருந்தது. அல்லி பூத்துக் கிடந்தது. கரையில் புங்கங்கன்றுகள். கிழக்கு மூலைக் கோரைக்குள் கானாங்கோழிக் குஞ்சுகள் கருப்புப் பஞ்சு உருண்டைகள் மாதிரி தாய்க்குப் பின்னால் ஓடின.

பேசியது பிரம்மசக்தி. மூட வேண்டாம் என்றாள். ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருவோம் என்றாள். யார் எந்த வாரம் கரையைப் பார்த்துக்கொள்வது என்றுகூட முடிவு செய்திருந்தார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் பயந்தார்.

“எல்லாம் சரிதாம்மா. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. நாளைக்கு நீங்க படிப்பு, வேலைன்னு போயிருவீங்க. இன்னொரு பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?”

பிரம்மசக்தி சங்கரபாண்டியனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பிள்ளைகளைப் பார்த்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். வேலம்மாள்.

“நான் கரையில இருக்கேன்” என்றாள்.

தலைவர் தலை குனிந்தார். “வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன் தாயி” என்றார். ஓட்டுக்குக் கை தூக்கச் சொல்லவே இல்லை. குளம் நிலைத்தது.

*

சங்கரபாண்டியன் குன்றுக்கு ஓடாத குறையாக ஏறினார். மூச்சு வாங்க, நடந்ததையெல்லாம் சொன்னார்.

“இப்படிப் பிள்ளைங்க நம்ம ஊர்ல இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா. இத்தனை வருஷம் நான்தானே பாடம் நடத்தினேன்!”

அம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னென்னமோ யோசிச்சு வச்சிருக்குதுங்க. அடுத்து குளத்துக்குத் தண்ணி வர்ற வரத்துக்காலைச் சீர்படுத்தப் போறாங்களாம். எல்லாத்துக்கும் அங்க ஆள் இருக்கு. எனக்குத்தான் என்ன செய்யன்னு தெரியல. நான் இனி என்ன செய்யட்டும்?”

“உங்களுக்கு நீச்சல் தெரியுமா வாத்தியாரே?”

“தெரியாதும்மா.”

அம்மை குன்றுக்குக் கீழே கை காட்டினார்.

*

ஞாயிற்றுக்கிழமை. படித்துறையில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பிரம்மசக்தி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராக வாங்கி மிதக்கவிட்டுக்கொண்டிருந்தாள். மேல்படியில் வேலம்மாள், குளத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

வரிசையின் கடைசியில் நின்ற சிறுமி, பின்னால் யாரோ வந்து நிற்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். அண்ணாந்து பார்த்தாள்.

“சார், நீங்களுமா?”

“ஆமா தாயி” என்றார் சங்கரபாண்டியன். வேட்டியை மடித்துக் கட்டினார். “ரொம்பக் குளிருமோ?”