முள் குத்திய நரியும் ஆள்காட்டிக் குருவியும்

கோடையில் காடு முழுக்க வற்றிப்போய், பாறைக்குளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அங்கே காவல் வேலை ஆள்காட்டிக் குருவிக்கு. அது சுற்றிலும் உள்ள புல்லை நோட்டம் விட்டு, "குடிக்கலாம்!" என்று கூவினால்தான் மான்கள் தண்ணீரில் வாய் வைக்கும். நல்ல குருவிதான். ஆனால் யார் கூப்பிட்டாலும், "முடியாது" என்ற சொல் மட்டும் அதன் வாயில் வராது!

அன்று உச்சிவெயிலில் ஒரு பெண்மான் தன் குட்டியோடு வந்து நின்றது. குட்டி தண்ணீர் குடித்து இரண்டு நாளாகிவிட்டது.

"அக்கா, குடிக்கலாமா?"

"இதோ, பார்த்துச் சொல்றேன்!"

அதற்குள் நீர்க்கோழி கத்தியது. "என் கூட்டுக் குச்சியை இவ திருடிட்டா! வந்து கேளு!"

குருவி ஓடியது. "பொய்! அது என் குச்சி!" என்று எகிறியது இன்னொரு நீர்க்கோழி. அந்த வழக்கு முடிவதற்குள் ஒரு தவளை குறுக்கே குதித்தது. "எருமை என் வளையை மிதிச்சிடுச்சு! வந்து பாரு!"

குருவி அங்கேயும் ஓடியது.

"அக்கா, குட்டி தள்ளாடுறான்!" என்று மான் கெஞ்சியது.

"ஒரு நிமிஷம்மா!"

அப்போது ஒரு நரி நொண்டிக்கொண்டு வந்து விழுந்தது. "ஐயோ, முள்ளு! உயிர் போகுது! உன்னை மாதிரி கூர்மையான அலகு இந்தக் காட்டில் யாருக்கு இருக்கு? எடுத்து விடு தாயி!"

குருவிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குனிந்து தேடியது. முள்ளையே காணோம்!

"ஆழத்தில இருக்கு. நல்லாத் தேடு!" என்றது நரி.

மான்குட்டி ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டது. 'குடி' என்று சொல்லித் தொலைத்தால் ஒரு தொல்லை விட்டது. குருவி வாயெடுத்தது. உடனே மூடிக்கொண்டது. காலையிலிருந்து அது ஒருமுறைகூடப் புல்லைப் பார்க்கவில்லை!

குருவி விருட்டென்று நிமிர்ந்தது. நரி அழுதுகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் கண் காலில் இல்லை. மானுக்குப் பின்னால் இருந்த கோரைப்புல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. குருவி பறக்கச் சிறகை விரித்தது.

"எங்கே போறே? வலிக்குதே!" நரி சட்டென்று குருவியின் வாலைக் கவ்வியது.

வாலிறகு பிய்ந்தாலும் பிய்யட்டும் என்று குருவி மேலே எழும்பியது. காற்றே இல்லை. கோரை மட்டும் அசைந்தது. நடுவில் இரண்டு மஞ்சள் கண்கள்!

"சிறுத்தை! ஓடுங்க! ஓடுங்க!"

சிறுத்தை பாய்ந்தது. குட்டி நின்ற இடத்தில் நகங்கள் வெறும் சேற்றைக் கிழித்தன. தாயும் பிள்ளையும் அதற்குள் பாறையைத் தாண்டிவிட்டன.

"அந்தக் குருவி கண்ணை வேற பக்கம் திருப்பி வைக்கிறேன்னு சொன்னியேடா!" என்று உறுமியபடி சிறுத்தை நரியைத் துரத்தியது. முள் குத்திய கால் அப்படி ஓடி அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை!

வெயில் தாழ்ந்ததும் மான்கள் திரும்பி வந்தன. குருவி சுற்றும் முற்றும் பார்த்து, "குடிக்கலாம்!" என்றது. குட்டி மடக்மடக்கென்று குடித்தது.

"என் குச்சி விஷயம் என்னாச்சு?" என்று ஓடி வந்தது நீர்க்கோழி.

"இப்போ முடியாது! குட்டி குடிச்சு முடிக்கட்டும்," என்றது குருவி, புல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யார் அதிகமாகக் கத்துகிறார்கள் என்று பார்க்காமல், எதை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று பார்த்து, அந்த வேலைக்கே முதல் கவனத்தைக் கொடுக்க வேண்டும்.