செவலையின் முதுகு

கோவையில் ஒரு கிடார் கடை. அதன் சுவரில் இரண்டு எலக்ட்ரிக் கிடார்கள் பக்கம் பக்கமாகத் தொங்கின. சிவப்புக்குச் செவலை என்று பேர், கறுப்புக்குக் காரி. மாட்டுப் பேராக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், அவை இழுக்கிற பாரமும் அப்படித்தான். தரை அதிர உறுமும் ஹெவி மெட்டல் பாட்டுக்கென்றே செய்தவை. ஒவ்வொன்றும் ரெண்டு ஸ்கூட்டர் விலை.

செவலைக்கு ஒரு கைப்பிடி உண்டு. அழுத்தினால் குரல் கிணற்றுக்குள் சரிகிற மாதிரி இறங்கும். காரிக்கு அது வராது. ஆனால் அந்த வித்தைக்காகச் செவலையின் முதுகுக்குள் மூன்று ஸ்பிரிங் மாட்டியிருந்தார்கள். வில்லங்கம் அங்கேதான். உள்ளங்கையை வைத்துத் தந்தியை நிறுத்தின பிறகும் அந்த மூன்றும் "ணிங்..." என்று தனியாக முனகும்.

செவலை அதை மறைக்கப் பழகியிருந்தது. கை நிறுத்த வருகிறது என்று தெரிந்ததும் முந்திக்கொண்டு ஓர் ஊளை விடும். முனகல் அதற்குள் அமுங்கிவிடும். வந்தவர்கள் குரலில் மயங்கி வாங்கிப் போவார்கள். வீட்டில் சத்தத்தைக் குறைத்து வாசிக்கும்போது ஊளை எழாது, குட்டு உடையும். அப்படி இரண்டு தடவை திரும்பி வந்தாயிற்று.

"இன்னொருக்கா வந்துச்சுன்னா பிரிச்சு உதிரியா வித்துப்போடுவேன்," என்று கடைக்காரர் முபாரக் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் காலை பிரின்சி என்றொரு பெண் வந்தாள்.

"ஆள் வந்தாச்சு. தொண்டையக் கனைச்சுக்கோ," என்றது காரி.

"உன் வேலையப் பாருடி," என்றது செவலை.

பிரின்சி முபாரக்கிடம் சொன்னாள்: "குழந்தை பொறந்து ரெண்டு வருசமா மேடையே ஏறலைங்கண்ணா. வர்ற ஞாயித்துக்கிழமைதான் மறுபடி ஏறப்போறேன். எங்க பாட்டுல திடுதிடுன்னு அடிச்சு டக்குன்னு நிப்பாட்டணும். நிப்பாட்டுற எடத்துலதான் கனமே இருக்கு. அங்க சின்னதா ஒரு சத்தம் வந்தாலும் போச்சு."

முதலில் காரியை எடுத்தாள். அடித்தாள், நிறுத்தினாள். கதவைச் சாத்தின மாதிரி நின்றது.

"சுத்தமா நிக்குதுங்கண்ணா. ஆனா கடைசியில குரல் கீழ எறங்கணுமே, அது இதுல வராதே."

அடுத்து செவலை. அடித்தாள், உறுமியது. கைப்பிடியை அழுத்தினாள், குரல் சரிந்து இறங்கியது. பிரின்சியின் முகம் மலர்ந்துவிட்டது. நிறுத்துவதற்காக உள்ளங்கையைக் கொண்டுவந்தாள். அந்தக் கையில் குழந்தைப் பவுடர் வாசம் அடித்தது.

ஊளை செவலையின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இவளும் நம்பி எடுத்துப் போவாள். ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு வருசம் கழித்து ஏறுகிற மேடையில், எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கேட்கிற இடத்தில் ஊளையோ முனகலோ ஒன்று கேட்டுவிடும். செவலை ஊளையை விழுங்கிவிட்டது.

"ணிங்..."

முபாரக் நிமிர்ந்து பார்த்தார். "அது ஃபேன் சத்தமுங்க அம்மிணி."

"போச்சு. இனி உதிரிதான்," என்று காரி மெதுவாகச் சொன்னது. இந்தத் தடவை அதன் குரலில் கேலி இல்லை.

"ஃபேன் இல்லைங்கண்ணா, முதுகுல ஸ்பிரிங் பேசுது. ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க."

முதுகுத் தகட்டைக் கழற்றினாள். கைப்பையைத் துழாவினாள். பாதி பிஸ்கட், பால்பாட்டில் மூடி, வீட்டுச் சாவி எல்லாம் வந்தன. கடைசியில் உள்ளங்கை நீளத்துக்குக் குழந்தையின் மஞ்சள் சாக்ஸ் ஒன்று வந்தது. அதன் ஜோடி எந்த பஸ்ஸில் விழுந்ததோ. அதை ஸ்பிரிங்குகள் அசைய இடம் விட்டு, இறுக்காமல் இடையில் செருகித் தகட்டை மூடினாள்.

அடித்தாள். இறக்கினாள். உள்ளங்கையை வைத்தாள்.

வெளியே கொய்யா விற்கிறவர் சொன்ன விலை உள்ளே தெளிவாகக் கேட்டது.

"இதையே கட்டிருங்கண்ணா."

செவலையைப் பெட்டியில் படுக்க வைத்தார்கள். சுவரிலிருந்து காரி கேட்டது: "ஏன்டி, ஒத்தக்கால் சாக்ஸுல தீர்ற விசயமா இது? முன்னாடி வாங்கிட்டுப் போன ரெண்டு பேருக்கும் இது தெரியாமலா போச்சு?"

"தெரிஞ்சிருக்கும். ஆனா வீட்டுக்குப் போனப்புறம் அவங்க காதுல விழுந்தது ஸ்பிரிங் சத்தம் இல்லடி," என்றது செவலை. "நான் ஏமாத்தினதுதான்."