எல்லையில் நின்ற சிவப்பு வண்டி

கோணப்புளியூர்க்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று சொல்பவர்கள் அந்த ஊருக்குப் போனதே இல்லை. அறிவு நிறைய இருந்தது. செலவழித்தால் தீர்ந்துபோகும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஊர் எல்லையில் ஒரு கல் உண்டு. 'எந்தப் பட்டாளமும் இதைத் தாண்டக் கூடாது' என்று அதில் வெட்டியிருக்கும். எந்தக் காலத்திலோ ஒரு ராஜாவின் பட்டாளம் போகிற போக்கில் ஊர்க் கோழிகளை ஒன்று விடாமல் தின்றுவிட்டதாம். அந்த எரிச்சலில் வெட்டிய கல். அதற்கப்புறம் பட்டாளம் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கல் சும்மா நிற்கிறதே என்று ஊருக்குக் கவலை வந்துவிட்டது. காக்கி போட்ட தபால்காரர் பட்டாளம் என்று முதலில் தீர்ப்பானது. பாவம், அவர் எல்லையிலேயே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கடிதம் கொடுக்க வருவார். கண்டக்டர் விசில் ஊதினால் ஐம்பது பேர் அடித்துப் பிடித்து ஏறுகிறார்கள், ஆகவே அவரும் பட்டாளம். பஸ் எல்லையோடு திரும்பிவிடும். ஊசியோடு வந்த நர்ஸம்மாவைப் பற்றி விவாதமே நடக்கவில்லை.

இந்த ஊரில்தான் வெயிலுகந்தான் ஏழு வருஷம் ஓலை ஓலையாகச் சேர்த்து ஒரு வீடு கட்டியிருந்தார். கூரையில் குளவி கூடு கட்டியது. "அந்தக் கூட்டுல தீய வையுங்க" என்றாள் மனைவி சண்முகக்கனி. வைத்தார். குளவி போய்விட்டது. கூரையும் போய்க்கொண்டிருந்தது. மனைவியையும் இரண்டு ஆடுகளையும் வெளியே இழுத்து விட்டுவிட்டு டவுனுக்குப் போன் போட்டார்.

கால் மணி நேரத்தில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. வெயிலுகந்தானுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனால் வண்டியில் எட்டு பேர். எட்டு பேரும் ஒரே உடுப்பு. ஊரே ரோட்டின் குறுக்கே வரிசையாகப் படுத்துவிட்டது. வெயிலுகந்தானும் போய்ப் படுத்தார். வீடு தெரிகிற மாதிரி தலையை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டார்.

அதிகாரி கீழே குதித்தார். "எந்திரிங்கய்யா! அங்க வீடு எரியுது!"

"எரியுதுன்னு எங்களுக்கும் தெரியுது சார்," என்றார் நாட்டாமை குருமலை, படுத்தபடியே. "நீங்க பட்டாளமா, இல்லையா? அதச் சொல்லுங்க."

"இல்லைங்க. இது அரசாங்க வேலை. தீ அணைக்கிற வேலை."

ஊரில் சட்டம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய கொம்பையா, நாட்டாமைக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "எதிரி யாரும் உண்டா?"

"தீதான்யா எதிரி!"

"கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி, எதிரி உண்டு. ஆயுதம்?"

"வெறும் குழாய்தான். தண்ணி நூறு அடி பாயும்."

"நம்ம நாட்டாமை துப்பாக்கியே நாப்பது அடிதான் பாயும்," என்று கொம்பையா வருத்தப்பட்டார். "சரி, தீவாளிக்கு லீவு உண்டா?"

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. "இருபது வருஷமா இல்லைங்க."

"அப்போ பட்டாளம்தான்!" என்று மொத்த ரோடும் சொன்னது. வெயிலுகந்தானின் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது. எரிவது தன் வீடே என்றாலும் நியாயம் நியாயம்தானே.

"தபால்காரரு மாதிரி சட்டையக் கழத்திட்டு வந்துருங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்," என்று அவரே கெஞ்சினார்.

எட்டு பேரும் அந்த நிமிஷமே கழற்றினார்கள். கொம்பையா தலையைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாம் ஒரே வெள்ளைப் பனியன். சட்டைப் பட்டாளம் போயி பனியன் பட்டாளம் வந்திருக்கு."

பனியனும் போயிற்று.

"வண்டி?"

"வண்டிக்கு என்னய்யா?"

"டவுன்ல இன்னொரு வண்டி நிக்குல்லா? அதுக்கும் இதே சிவப்பு உடுப்புதான்."

வண்டியின் பெயின்டைச் சுரண்டலாம் என்று ஒரு கட்சி, மேலே வேறு நிறம் அடிக்கலாம் என்று ஒரு கட்சி. அடிக்கிற கட்சிதான் ஜெயித்தது. பச்சையா நீலமா என்பதில் அரை மணி நேரம் ஓடியது.

அதற்குள் வீட்டு உத்தரம் முறிந்து, கூரை மொத்தமாக உள்ளே விழுந்தது. வெயிலுகந்தான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். ஏழு வருஷ உழைப்பு தரையில் கிடந்து புகைவதைப் பார்த்தார். அப்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"மாமா," என்று நாட்டாமையை உலுக்கினார். "பட்டாளத்த எவனாவது போன் போட்டுக் கூப்பிடுவானா? அது தானா வரும். இவங்கள நாந்தானே கூப்பிட்டேன்!"

கொம்பையா எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"கூப்பிட்டு வந்தா விருந்தாளில்லா?" என்றார்.

ஊர் பதறிப்போனது. விருந்தாளிகளைப் பனியன்கூட இல்லாமல் வெயிலில் நிற்க வைத்துவிட்டார்களே! மோர் வந்தது, மாலை வந்தது. மேளம் கொட்டி வண்டியை ஊருக்குள் அழைத்துப் போனார்கள். வீடு இருந்த இடத்தில் சாம்பலும் நாலைந்து கொள்ளிக்கட்டைகளும்தான் மிச்சம்.

"இதுல அணைக்க என்னய்யா இருக்கு? நாங்க கெளம்புறோம்," என்றார் அதிகாரி.

வெயிலுகந்தானால் தாங்க முடியவில்லை. வீடு போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இத்தனை தூரம் வந்தவர்கள் ஒன்றும் செய்யாமல் திரும்பினால் ஊருக்கு எவ்வளவு அவமானம்! ஒரு கொள்ளிக்கட்டையை உருவிக்கொண்டு சற்றுத் தள்ளித் தப்பி நின்ற தன் ஆட்டுக் கொட்டகைக்கு ஓடினார்.

"ஐயோ, வேண்டாம்யா!" என்று அலறினார் அதிகாரி.

"கூச்சப்படாதீங்க சார். ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க," என்று சொல்லிக் கூரையில் செருகினார்.

நாட்டாமைக்கு மனசு ஆறவில்லை. "எட்டு பேரு வந்திருக்காங்க, ஒத்தக் கொட்டகை எந்த மூலைக்குவே?" என்று இன்னொரு கொள்ளியை எடுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து ஓடினார்.