மருமகனுக்கு வைத்த மோட்டார்

கோணக்கேணியில் அறிவுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். கிணற்று மோட்டார் புகைந்துபோய் மூன்று மாதமாகப் பெண்கள் குடத்தோடு பக்கத்து ஊருக்கு நடக்கிறார்கள்.

அப்போது ஒரு கடிதம் வந்தது. கடற்கரையில் தர்மத்துக்காக ரெகே என்கிற ஜமைக்கா நாட்டுப் பாட்டு விழா நடத்துகிறோம், சேரும் பணத்தில் உங்கள் ஊருக்குப் புது மோட்டார் தருகிறோம், அந்தப் பாட்டுக்குரிய சிவப்பு, மஞ்சள், பச்சை உடுத்திக்கொண்டு மூன்று பேர் மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது.

தவசிக்கண்ணு, அவர் மச்சினன் வெயிலுமுத்து, பங்காளி கொம்பையா மூவரும் ஆளுக்கொரு நிறமாகக் கிளம்பினார்கள். "மோட்டார் இல்லாம ஊருக்குள்ள கால் வைக்காதேயும்" என்று தவசிக்கண்ணுவின் மனைவி மாடத்தி சொல்லியனுப்பினாள்.

பெரிய ரோட்டில் சிவப்புத் தவசிக்கண்ணு முன்னால் போனார். வந்த வண்டியெல்லாம் நின்றுவிட்டது. பச்சைக் கொம்பையாவை முன்னால் விட்ட பிறகுதான் நகர்ந்தது.

மேடையில் ஜமைக்காவிலிருந்து வந்த பெரியவர் பாடிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். சடை முழங்கால் வரை தொங்கியது.

"பாவம், இத்தனை வயசுக்கும் மொட்டை போடலியே" என்றார் கொம்பையா.

விழாவில் ஒத்தாசைக்கு நின்ற ரோஸ்லின் விளக்கினாள்: "அவரு ரஸ்தாஃபாரி மார்க்கம் அண்ணாச்சி. தலையில கத்தி படக்கூடாதுன்னு விரதம். அவங்க முன்னோரை ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. விட்டுப்போன மண்ணையும் சொந்தத்தையும் நினைச்சுத்தான் இந்தப் பாட்டு."

மூவரும் மணலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"விரதம்லாம் ஊருக்குச் சொல்லுதது. கப்பலேறும்போது தாய்மாமனை அந்தக் கரையிலயே விட்டுட்டாங்க. மாமன் மடி இல்லாம எந்தப் பிள்ளைக்கு முடியிறக்க முடியும்?" என்றார் தவசிக்கண்ணு.

"வெக்கப்பட்டு மறைக்காரு" என்றான் வெயிலுமுத்து.

"அப்ப நாமதான் மாமன்."

"அவருக்கு உங்க அப்பா வயசுல்லா, அத்தான்?"

"முறைக்கு வயசு ஏதுடே? எங்க சித்தப்பன் என்னைவிட நாலு வயசு இளையவன். மரியாதையாத்தான் அவனை ஏசுதேன்."

மேடையில் ஊர்ப்பெயரைக் கூப்பிட்டார்கள். தவசிக்கண்ணு போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைத் தட்டினார். பெரியவர் ரோஸ்லினைப் பார்த்தார். ரோஸ்லின் கடலைப் பார்த்தாள். இது இந்த ஊர் வழக்கமாக்கும் என்று எண்ணிப் பெரியவர் கிட்டாரோடு மடியில் உட்கார்ந்தார். கூட்டம் கைதட்டியது.

"கத்தி கொண்டாரலியே" என்றார் கொம்பையா.

"முதல்ல மடி. மொட்டை அடுத்த வருசம்" என்றார் தவசிக்கண்ணு, மூச்சுவிட இடம் கிடைத்தபோது.

பெரியவர் எழுந்து மோட்டாரைக் காட்டி, எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"மருமகப்பிள்ளை கையால மாமன் வாங்குததா? நாமல்லா சீர் வைக்கணும்."

"சீருக்கு எங்க போக, அத்தான்?"

"இந்தா முன்னாலயே இருக்கே."

துண்டை விரித்து, மூவருமாக மோட்டாரைத் தூக்கி வைத்து, சர்பத் கடையில் வாங்கிய இரண்டு எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துப் பெரியவர் முன்னால் தள்ளினார்கள். ரோஸ்லின் அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் கண் கலங்கி மூவரையும் கட்டிக்கொண்டார். சொந்தம் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மோட்டார் ஜமைக்கா போனது.

ஊர் எல்லைக்கல்லுக்கு அப்பால் நின்றபடியே மூவரும் நடந்ததைச் சொன்னார்கள். மாடத்தி குடத்தை இறக்கி வைத்தாள்.

"பைப்பு வச்சீரா?"

"இல்ல."

"ஸ்டார்ட்டரு?"

"இல்ல."

"மாமன் சீருன்னு மொட்டை மோட்டாரைக் குடுத்துட்டு வந்து நிக்கீரே. அவரு பொண்டாட்டி வீட்டுல நம்ம ஊரை என்ன பேசுவாங்க?"

அன்றைக்கே கிணற்றிலிருந்து பைப்பை உருவினார்கள். ஸ்டார்ட்டர், வயர், வாளி, கயிறு எல்லாம் பார்சலில் போய்விட்டன.

இப்போது கிணறு மட்டும் பாக்கி. அதை முழுசாக அனுப்பினால் வழியில் உடைந்துவிடும் என்று ஊர்க்கூட்டத்தில் கொம்பையா எச்சரித்தார். ஆகவே முதலில் ஆழத்தை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்ததும் அகலத்தை அனுப்புவதென்று முடிவாகியிருக்கிறது.