அரசர் தூங்கட்டும் என்று பிடுங்கிய செக்குகள்

அமாவாசைக்கு விளக்கேற்றினால்தான் மாப்பிள்ளை ஊருக்குள் வருவான் என்று ஒரு வழக்கம் இருந்த காலம். அந்தக் காலத்தில் பூங்கானூரைச் சுகவர்மன் என்றோர் அரசர் ஆண்டார். போர் செய்ய மாட்டார், வரி குறைக்க மாட்டார், பகல் தூக்கத்தை மட்டும் விட மாட்டார்.

ஊரில் ஆறு எண்ணெய்ச் செக்குகள் இருந்தன. செக்கு சுற்றினால் கிரீச்சென்று சத்தம் வரத்தானே செய்யும்? அது அரசரின் காதில் விழுந்தது. ஐந்து செக்குகளைப் பிடுங்கி எறியச் சொன்னார். அரண்மனை அப்பத்துக்கு எண்ணெய் வேண்டுமே என்று ஊர்க்கோடியில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். எத்தனை தயாள குணம், பாருங்கள்.

அந்த ஒற்றைச் செக்கு காத்தாயியுடையது. கணவனை இழந்தவள். அவளுக்கென்று இருந்தது ஒரு மயிலைக் காளை. தாயில்லாக் கன்றாக வந்ததற்குக் கஞ்சி ஊற்றி வளர்த்தவள் அவள்தான்.

அதன்பின் ஊரார் தலையெல்லாம் பரட்டையாயிற்று. தாளிப்பு என்பது பேச்சோடு நின்றது. அரசரின் தலையில் மட்டும் எண்ணெய் வழிந்ததால் நாட்டில் குறையொன்றும் இல்லை என்றே அவர் நினைத்தார்.

இப்படியிருக்க இளவரசிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை அமாவாசை அந்தியில் பல்லக்கில் வருவான். வழியில் ஒரு வாசல் இருண்டிருந்தாலும் அபசகுனம் என்று பல்லக்கைத் திருப்பிவிடுவான். அரசர் காத்தாயியை அழைத்து, ஊரில் எல்லா வாசலுக்கும் எண்ணெய் வேண்டும் என்றார்.

"ஒரு செக்கு, ஒரு மாடுங்க மகாராசா. அமாவாசை வரைக்கும் ஆட்டினாலும் ரெண்டு தெருவுக்குத்தான் காணும்" என்றாள் காத்தாயி.

அரசருக்குக் கோபம் வந்தது. ஒரு வாசல் இருண்டாலும் அந்தக் காளையின் தோலை உரித்துக் கல்யாண முரசுக்குக் கட்டுவேன் என்றார். காத்தாயி ஓடிப்போய்க் காளையைச் செக்கில் பூட்டினாள்.

எண்ணெயைப் பெருக்கும் பொறுப்பு மந்திரியிடம் வந்தது. அறிவுக்கடல் என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவர் அவர். முதலில் காளைக்குச் 'செக்குச் சிங்கம்' என்று பட்டம் கொடுத்து மாலை போட்டார். காளை மாலையைத் தின்றது. எண்ணெய் ஒரு சொட்டும் கூடவில்லை.

அடுத்து, மேற்பார்வைக்கு ஓர் அதிகாரியை அனுப்பினார். அவரை மேற்பார்க்க இன்னொருவர், அந்த இருவரையும் மேற்பார்க்க மூன்றாமவர். வெயிலில் நடக்க முடியாதென்று மூவரும் செக்கின் பலகையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பாரம் ஏறினால் நன்றாக நசுங்கும் என்று ஒருவர் விளக்கமும் சொன்னார். நசுங்கியதென்னவோ காளைதான். அது முழங்கால் மடிந்து விழுந்தபோது காத்தாயி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதிகாரிகள் இறங்கி, மாடு சோம்பேறி என்று தீர்ப்புச் சொல்லிப் போனார்கள்.

மூன்றாவது யோசனைதான் அற்புதம். மந்திரி எண்ணெய் அளக்கும் குடத்தைச் சிறிதாக்கினார். நேற்று ஒரு குடமாக இருந்தது இன்று மூன்று குடமாகிவிட்டது. விளைச்சல் மும்மடங்கு என்று சபையில் அறிவித்தார். அரசர் மகிழ்ந்து தம் முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

அமாவாசை வந்தது. முதல் தெருவில் விளக்குகள் நன்றாகவே எரிந்தன. இரண்டாம் தெருவில் கண் சிமிட்டின. மூன்றாம் தெருவில் வெறும் அகல்களும் உலர்ந்த திரிகளும்தான் மாப்பிள்ளையை வரவேற்றன. அவன் பல்லக்கைத் திருப்பச் சொன்னான். அடுத்த அமாவாசைக்கு வருவேன், அப்போதும் இருட்டென்றால் வேறு பெண் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியனுப்பினான்.

அவமானத்தில் அரசருக்கு அன்றிலிருந்து கண் மூடவில்லை. பகலிலும் இல்லை, இரவிலும் இல்லை. முரசு கட்டுபவனை வரவழைத்தார். காளையையும் காத்தாயியையும் அரண்மனை முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள்.

காத்தாயி அரசரைப் பார்த்தாள். அவர் கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. இனி பயந்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"மகாராசா தூங்கி எத்தனை நாளாச்சுங்க?" என்று கேட்டாள்.

"தூக்கமா? அது எங்கே வருகிறது?" என்றார் அரசர்.

"எங்க சத்தம் உங்க தூக்கத்தைக் கெடுக்குதுன்னு அஞ்சு செக்கைப் பிடுங்குனீங்க. சத்தம் நின்னுச்சு, எண்ணெய் நின்னுச்சு, கல்யாணமும் நின்னுச்சு. இந்த மாட்டையும் வெட்டிட்டா ஊரே நிசப்தமாயிடும். அப்பவாச்சும் உங்களுக்குத் தூக்கம் வருமாங்க?"

மந்திரி முத்துமாலையை மேலாடைக்குள் தள்ளினார்.

"வராது" என்றார் அரசர்.

"தூக்கந்தான் போயிடுச்சே மகாராசா. செக்காவது ஓடட்டுமே."

அரசர் காளையைப் பார்த்தார். அது அவரைப் பார்க்காமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவிழ்த்துவிடச் சொன்னார். பிடுங்கிய ஐந்து செக்குகளையும் மறுநாளே நட்டார்கள். ஆறும் சேர்ந்து ஊரே அதிரக் கிரீச்சிட்டன. அந்தச் சத்தத்தின் நடுவில் அரசர் குறட்டை விட்டுத் தூங்கினார். அடுத்த அமாவாசைக்கு எல்லா வாசலிலும் விளக்கெரிய, மாப்பிள்ளையின் பல்லக்கும் திரும்பாமல் ஊருக்குள் வந்தது.

செய்யும் கைகளைக் குறைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு கையை விரட்டுவதால் ஊரின் தேவை நிறைவதில்லை.