பானைத் தலையன் பிடித்த வாத்து

இந்தக் கதையில் வாத்தைத் தின்றவன் யார் என்று தேடி நீங்கள் மெனக்கெட வேண்டாம். அவன் பட்டப்பகலில், வாயெல்லாம் எண்ணெய் மினுமினுக்க ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தான். தேட வேண்டியது வேறொன்று. அதற்குக் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

நாரைத்தாங்கல் ஏரிக்குப் பங்குனி மாதத்தில் நானூறு வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்தவள் பூங்காவனம். அறுப்பு முடிந்த வயல்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. இரண்டு நாள் நடைக்குள் தண்ணீர் இருந்தது அந்த ஒரு ஏரியில்தான். நானூறையும் மேய்க்க அவளுக்கு ஒரு கோலும் பெரியவளும் போதும். பெரியவள் என்று அவள் பெயர் வைத்திருந்தது மந்தைக்கு முன்னால் போகும் வாத்துக்கு. அது இறங்கினால் எல்லாம் இறங்கும், அது கரையேறினால் எல்லாம் ஏறும். ஏரியில் மேயும் காட்டு வாத்துகளைப் போலவே அதுவும் பழுப்பு நிறம். அதனால் அடையாளத்துக்கு அதன் வலது காலில் ஒரு பித்தளை வளையம் போட்டிருந்தாள்.

அதே ஏரியில் பிழைத்தவன் தேசிங்கு. வலை, தூண்டில் என்றாலே அவனுக்கு இளக்காரம். கலங்கல் தண்ணீரில் மார்பளவு இறங்கி, சேற்றுப் பொந்துகளில் கையை விட்டுத் துழாவி மீன் பிடிப்பான். "முள்ளு குத்தறதுக்கு முன்னாடியே இது கெளுத்தின்னு என் விரலுக்குத் தெரியும். விராலு ஆணா பொண்ணான்னுகூடச் சொல்லிடுவேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். சும்மா சொல்லக்கூடாது, சொன்னபடி செய்தும் காட்டுவான். விராலைத் தாமரை இலையில் சுற்றி, களிமண் அப்பி, தணலில் புதைத்துச் சுடுவான். அதற்கு உப்பும் மிளகும் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை.

காட்டு வாத்துக்கு அவன் வைத்திருந்த வழி இன்னும் விசித்திரம். ஐந்து வெறும் பானைகளை ஏரியில் மிதக்க விடுவான். மூன்று நாளில் வாத்துகளுக்குப் பானை பழகிவிடும். நாலாம் நாள், கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட இன்னொரு பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் மெல்ல நடப்பான். கிட்டே போனதும் தண்ணீருக்கடியில் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. பக்கத்து வாத்துக்குக்கூடச் சேதி தெரியாது. கால்களை இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டு கரையேறுவான். இறகைப் பிடுங்காமலே களிமண் பூசிச் சுடுவான். வெந்தபின் மண்ணை உடைத்தால் இறகெல்லாம் ஓட்டோடு வந்துவிடும்.

வந்த நாள் முதலே அந்தப் பானைகள் மேல் பூங்காவனத்துக்குச் சந்தேகம். "உன் வாத்துங்க என் மீன்குஞ்சையெல்லாம் தின்னுடுது" என்று தேசிங்கு இரண்டு தடவை முணுமுணுத்திருந்தான். அவள் காலையும் மாலையும் பானைகளை எண்ணினாள். எப்போதும் ஐந்துதான் இருந்தன. ஒரு நாள் காலை மட்டும் ஆறு போலத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி எண்ணியபோது ஐந்துதான் மிதந்தன.

அன்று உச்சிவேளையில் மந்தை கரையேறவில்லை. நடுத்தண்ணீரில் திக்குத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. பெரியவளைக் காணோம். பூங்காவனம் கரையோடு ஓடினாள். வேலமரத்தடியில் தேசிங்கு தின்றுகொண்டிருந்தான். எதிரே உடைந்த மண் ஓடுகள், அவற்றில் ஒட்டிய பழுப்பு இறகுகள். சாம்பலில் பித்தளை வளையம் கிடந்தது.

"இப்பதான் தங்கச்சி வளையத்தைப் பாத்தேன். உன்கிட்ட ஓடி வரலாம்னு எழுந்திருக்கறேன், நீயே வந்துட்ட."

"பாதி வாத்தைத் தின்ன பொறவா பாத்த?"

வழக்கு ஏரிக் காவல்காரர் முனிரத்தினத்திடம் போனது. தேசிங்கு கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்:

"ஐயா, அது காட்டு வாத்துங்களோட கலந்து மேஞ்சுது. பானைக்குள்ள இருந்து பாக்கறவனுக்கு இன்னா தெரியும்? எப்பவும் போல காலைப் புடிச்சி இழுத்தேன், இடுப்புல செருகினேன். கரைக்கு வந்தா உடம்பெல்லாம் ஒரே சேறு. அப்படியே மண்ணை அப்பிட்டேன். சேத்துக்குள்ள இருந்த வளையம் என் கண்ணுல படலையே."

முனிரத்தினத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவர் பூங்காவனத்தைப் பார்த்தார்.

"தெரியாம புடிச்சிருந்தா உனக்கு ரெண்டு வாத்து குடுத்துடுவான், ரெண்டு பேரும் ஏரியில இருங்க. தெரிஞ்சே புடிச்சான்னா, இன்னிக்கே பானையைத் தூக்கிக்கிட்டுப் போவணும். ஆனா வீண்பழி போட்டது நீன்னு ஆச்சுன்னா, மந்தையோட நீதாம்மா போவணும். இன்னா சொல்ற?"

பூங்காவனம் மந்தையைத் திரும்பிப் பார்த்தாள். ஏரியை விட்டு இறங்கினால் அடுத்த தண்ணீரைக் காண்பதற்குள் பாதி மந்தை வழியிலேயே செத்துவிழும். வாயை மூடிக்கொண்டு இருந்தாலோ, அந்தப் பானைகளுக்கு நடுவில்தான் மிச்ச வாத்துகள் நாளைக்கும் மேய வேண்டும். சந்தேகம் நெஞ்சு நிறைய இருந்தது, சாட்சி என்று சொல்ல ஒரு ஈ காக்கை இல்லை. தேசிங்கு சொன்னதை முதலிலிருந்து மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கோலை ஊன்றி நிமிர்ந்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: தேசிங்கு தெரியாமல் பிடித்தானா, தெரிந்தே பிடித்தானா? நானூறு உயிரைப் பணயம் வைத்து அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

விடை: தெரிந்தே பிடித்தான். பூங்காவனம் கேட்டது ஒரே கேள்வி: "கண்ணு பானைக்குள்ள இருந்துச்சு, சரிண்ணா. கை எங்க இருந்துச்சு?" சேறு கண்ணுக்கு வளையத்தை மறைக்கும், கைக்கு மறைக்காது. சேற்றுக்குள் கெளுத்தி முள்ளை அறியும் விரல்கள், இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தபோதே வளையத்தையும் பிடித்திருந்தன. இடுப்பில் செருகும்போது இன்னொரு தடவை தொட்டிருந்தன. தேசிங்கு தன் விரல்களைப் பார்த்தான். பொழுது சாய்வதற்குள் பானைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பூங்காவனம் வளையத்தைச் சாம்பல் போகக் கழுவி வேறொரு வாத்தின் காலில் மாட்டினாள். மந்தை அதன் பின்னால் போகப் பழகுவதற்கு ஒன்பது நாளாயிற்று. அந்த ஒன்பது நாளும் அவளே தண்ணீரில் இறங்கி முன்னால் நடந்தாள்.